கடைவாய்ப் பல்லுக்கு ஆள் தேவை

"இங்க வந்து கத்துக்கிட்டதை எல்லாம் மறந்துடுங்க" என்றார் வக்கீலம்மா. "வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சோ, அதை மட்டும் சொல்லுங்க."

பல்லம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த முதலாளியைப் பார்த்தாள். அவர் மேசைமேல் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தில் எந்த நிறத்தை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். டயர் கடைக்கு மேலே இருக்கிற மாடி அறை அது. கீழே சக்கரம் கழற்றும் சத்தம் வரும்போதெல்லாம் வக்கீலம்மா பேச்சை நிறுத்துவார். சத்தம் நின்றதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். சுவரோரம் இடுப்பு உயரத்துக்குக் கோப்புகள். ஒவ்வொரு கோப்பும் ஒரு குடும்பம். மேலே இருப்பவர்கள் மூச்சு விடுகிறார்கள், அடியில் இருப்பவர்கள் நசுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பல்லம்மாவுக்கு எப்போதும் தோன்றும்.

பல்லம்மா என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் கிண்டலாகக் கூப்பிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. பல் செய்கிற பெண்ணைக் கட்டிக்கொண்ட மனிதர் வேறென்ன பெயர் வைப்பார். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள். அந்த அச்சுக்குப் பொருந்துகிற பல்லைச் செய்து திருப்பி அனுப்புகிற லேப்பில் அவளுக்கு வேலை. உலோகத்தில் சின்னத் தொப்பி ஒன்று. அதன்மேல் பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, ஃபர்னஸில் வைத்துச் சுட்டெடுத்தால் பல். சொல்வதற்கு இரண்டு வரிதான். செய்து பார்த்தால்தான் விழி பிதுங்கும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவளுக்குக் கடைவாய்ப் பல் மட்டும்தான் செய்ய வரும். உள்ளே ஒளிந்திருக்கிற பல், மென்றால் போதும், அழகு யார் பார்க்கப் போகிறார்கள். முன்பல்லை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டாள். நுனியில் இருக்கிற மெல்லிய நீலம், ஈறோரத்து மஞ்சள், காபி குடித்துக் குடித்துப் பழுத்த நிறம் எல்லாம் இப்போது அவளுக்கு அத்துப்படி. பக்கத்துப் பல்லின் கீறலைக்கூடக் கொண்டுவந்துவிடுவாள். முதலாளியின் வியாபாரமே அந்த முன்பற்களில்தான் ஓடுகிறது. அதையெல்லாம் மறந்துவிடச் சொல்லித்தான் வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார்.

காரணத்தை அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க அனுமதி வேண்டுமென்றால் பல்லம்மா நேராகப் போய்க் கேட்க முடியாது. அவளுக்காக முதலாளி கேட்க வேண்டும். அவரும் சும்மா கேட்டுவிட முடியாது. அவள் செய்கிற வேலைக்கு ஆள் தேவை என்று ஊரறிய விளம்பரம் கொடுக்க வேண்டும். வருகிற உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கும் அந்த வேலை வராது என்று ஆன பிறகுதான் மனு. அதாவது அவள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை ஏலம் விட்டு, எடுக்க ஆளில்லை என்று காட்ட வேண்டும். அந்த விளம்பரத்தில் அவள் இங்கே கற்றுக்கொண்டது எதையும் கேட்கக் கூடாது. அவளுக்குக் கற்றுக்கொடுக்க முடிந்தது என்றால் உள்ளூர்க்காரருக்கும் கற்றுக்கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை என்று சட்டம் கேட்குமாம். கேட்கட்டும். கேட்பதற்குச் சட்டத்துக்கு வாய் இருக்கிறது. அந்த வாயில் முன்பல் விழுந்தால் யாரிடம் வந்து நிற்கும் என்பதுதான் தெரியவில்லை.

முதலாளி ஒரு வழியாகச் சிவப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கடைவாய்ப் பல்லுக்கு ஆள் தேவை என்று தான் விளம்பரம் கொடுத்தால் போட்டி லேப்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான் என்றார். சிரிக்கட்டும் என்றார் வக்கீலம்மா. பிறகு பல்லம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க விசா முடியறதுக்குள்ள மனு உள்ளே போயிடணும். போயிட்டா, முடிவு வர எத்தனை வருஷம் ஆனாலும் நீங்க இங்கேயே இருக்கலாம். உங்க வீட்டுக்காரருக்கும் வேலை செய்யறதுக்கு அட்டை வந்துடும். ஒரு தடவைதான் பண்ண முடியும்மா. இது தவறிட்டா மறுபடி ஆரம்பிக்க நாள் இல்லை. மூட்டை கட்ட வேண்டியதுதான்."

இன்னொன்றும் சொன்னார். விண்ணப்பம், நேர்காணல், செய்முறைச் சோதனை எதிலும் பல்லம்மா தலையிடக் கூடாது. பார்க்கக் கூடாது, கேட்கக் கூடாது, அந்தப் பக்கமே போகக் கூடாது. சரி என்றாள். நம் மொழி பேசுகிற வக்கீல், அதுவும் முதலாளிக்கும் தனக்கும் சேர்த்தே வக்கீல், பிறகென்ன கவலை என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒரே வக்கீல் இரண்டு பேருக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. நல்ல காலத்தில் யாருக்குத்தான் தோன்றும்.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு காலத்தில் பெரிய மில்லில் மோட்டார் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தவர். சத்தத்தை வைத்தே எந்தச் சுருளில் கோளாறு என்று சொல்லிவிடுவார். மனைவியின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவர் என்பதால் இங்கே அவருக்கு உட்கார அனுமதி உண்டு, நிற்க அனுமதி உண்டு, கால் நீட்டிப் படுக்கவும் அனுமதி உண்டு. வேலை செய்ய மட்டும் கிடையாது. வந்த வருடம் அடுத்த வீட்டு வாஷிங் மெஷினை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார். அது வக்கீலம்மா காதுக்குப் போய், காசு வாங்காவிட்டாலும் வேலை வேலைதான், யாராவது எழுதிப் போட்டால் எல்லாருக்கும் ஆபத்து என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டு மிக்ஸியைத் தவிர எதையும் தொடுவதில்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு மோட்டார் ரிப்பேர் கடை. கடைக்கார அண்ணன் நல்ல மனிதர், அட்டை கைக்கு வந்த அன்றே வந்து சேரலாம் என்று சொல்லி வைத்திருந்தார். சாயங்காலம் ஆனால் பல்லம்மாவின் வீட்டுக்காரர் அந்தக் கடை வாசலுக்குப் போய்விடுவார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்ப்பார். தெரியாமல் ஒரு ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக் கொடுத்துவிட்டால்கூட மனைவியின் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். வேலையிலிருந்து திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக அந்த முதுகையும் கட்டிய கைகளையும் பார்த்துவிட்டால் பல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏழு வருடமாக இதே கதைதான்.

விளம்பரம் வந்தது. பல்லம்மா எதையும் கேட்கவில்லை. ஆனால் லேப்பில் இருப்பதே ஐந்து பேர். அங்கே ரகசியம் எத்தனை நாள் தாங்கும். பார்சல் கட்டுகிற அக்காவுக்குச் சட்டத்தின் மேல் மரியாதை உண்டு, வாயின் மேல் கட்டுப்பாடு கிடையாது. அதனால் அவள் பல்லம்மாவிடம் சொல்லாமல் சுவரிடம் சொல்ல ஆரம்பித்தாள். கேக் மேல் பூப்போடுகிற ஒருவர் விண்ணப்பம் போட்டிருக்கிறாராம் என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். பொம்மைக்குச் சாயம் அடிப்பவர் ஒருவராம். தனக்கு ஒரு பல்கூட இல்லை, ஆகவே பல்லின் அருமை தன்னைவிட வேறு யாருக்கும் தெரியாது என்று எழுதிய ஒரு பெரியவராம். சுவர் சிரிக்கவில்லை, பல்லம்மா குனிந்து தூரிகையைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. பெரியவருக்கு ஒரு செட் இலவசமாகச் செய்து கொடுத்துவிடு என்றார். அந்த வாரம் வீட்டில் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். மகள் பாப்பாகூட அடுத்த வருடம் பள்ளியில் என்னென்ன பாடம் எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் அக்கா சுவரிடம் எதுவும் சொல்லவில்லை. பல்லம்மாவைக் கண்டால் பார்சல் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுவருக்கு உடம்பு சரியில்லையா என்று பல்லம்மாவே கேட்டாள். ஒரு பெண்மணி விண்ணப்பம் போட்டிருப்பதாக அக்கா மென்று முழுங்கினாள். உள்ளூர்க்காரி. இதே படிப்பு. முன்பு ஒரு லேப்பில் மூன்று வருடம் கடைவாய்ப் பல் செய்திருக்கிறாள். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் வேலையை விட்டவள், இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்ததும் திரும்ப வரப் பார்க்கிறாள். பல்லம்மாவின் வயதுதான்.

அன்று பல்லம்மாவுக்கு மாவு குழையவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் அவள் எப்படி இருந்தாளோ அப்படியே ஒருத்தி எங்கிருந்தோ வந்து நிற்கிறாள். இப்போதிருக்கிற பல்லம்மாவோடு போட்டி போட இந்த ஊரில் ஆளில்லை. அன்றிருந்த பல்லம்மாவோடு போட்டி போட ஒருத்தி போதும்.

சோதனை நாளன்று முதலாளி அவளை லீவு போடச் சொல்லிவிட்டார். வந்தவளுக்கு ஓர் அச்சைக் கொடுத்து, ஒரு கடைவாய்ப் பல் செய்யச் சொல்வது, அதுதான் சோதனை. பல்லம்மா வீட்டில் உட்கார்ந்து, உடைத்த தேங்காய் சரிபாதியாக உடைந்ததா என்பதிலெல்லாம் சகுனம் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் முதலாளியிடமிருந்து போன். ஒரு டாக்டர் கத்துகிறார், முன்பல்லின் நிறம் ஒரு சாயல் வெளுத்துப்போய்விட்டது, நோயாளி நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாயங்காலம் விமானம் ஏற வேண்டியவர். பின்வாசல் வழியாக வந்து சரிசெய்து கொடுத்துவிட்டு அதே வழியாகப் போய்விடு, அந்த அம்மாள் முன்னறையில்தான் இருக்கிறாள், பார்க்க மாட்டாய் என்றார். வக்கீலம்மா சொன்னது அவருக்கு மறந்துவிட்டதா, டாக்டரின் கத்தலில் காது அடைத்துவிட்டதா தெரியாது. பல்லம்மாவுக்கு மறக்கவில்லை. ஆனால் முதலாளி கூப்பிட்டு மாட்டேன் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை; மனு போடப் போகிறவரே அவர்தானே.

போனாள். பல்லின் கழுத்தோரம் ஒரு துளி சாயம் வைத்தாள். சுடுவதற்காக ஃபர்னஸ் அறைக்கு எடுத்துப்போனாள். இரண்டு ஃபர்னஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற சின்ன அறை அது, இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். யாரும் இல்லை. முதல் ஃபர்னஸில் ஒரு பல் ஏற்கெனவே ஏறியிருந்தது. மூடி இன்னும் இறங்கவில்லை, ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. தன் பல்லை இரண்டாவதில் வைத்துவிட்டுத் திரும்பியபோது முதல் ஃபர்னஸில் போட்டிருந்த சூட்டு எண் கண்ணில் பட்டது. ஏழு. பக்கத்தில் மூடாமல் இருந்த மாவுப் புட்டியையும் பார்த்தாள். புதுவகை மாவு, குறைந்த சூட்டில் வேகிறது. அதற்கு மூன்றாம் எண் போட வேண்டும். ஏழு போட்டால் பல் உருகி, முனையெல்லாம் மழுங்கி, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஆகிவிடும்.

அவள் கை போய் நிறுத்தி, மூன்றைப் போட்டு, மறுபடி ஓடவிட்டது. அவ்வளவுதான். சொட்டுகிற குழாயைப் போகிற போக்கில் திருகி மூடுவோமே, அந்த மாதிரி. மூடி மெல்ல இறங்கி அமர்ந்தது. அதற்குப் பிறகுதான் அது கடைவாய்ப் பல் என்பது அவளுக்கு உறைத்தது. லேப்பில் அன்று வேறு யாரும் கடைவாய்ப் பல் செய்யவில்லை. முன்னறையிலிருந்து ஒரு பெண்குரல் போனில் தணிவாகப் பேசுவது கேட்டது; மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது.

பல்லம்மா ஃபர்னஸின் முன்னால் குனிந்தாள். சின்னக் கண்ணாடி வழியே உள்ளே சிவப்பு ஏறுவது தெரிந்தது. நிறுத்துகிற பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிறுத்திவிட்டு ஏழையே திரும்பப் போட்டால் என்ன. அது அந்தப் பெண் போட்ட எண்தானே. கெடுப்பது ஆகாதே, எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதுதானே. சட்டப்படி பார்த்தால் செய்ய வேண்டியதே அதுதான். அவள் தலையிட்டதுதான் தப்பு. முதுகுக்குப் பின்னால் கட்டிய இரண்டு கைகள் நினைவுக்கு வந்தன. பாப்பா நினைவுக்கு வந்தாள். விரலை நீட்டினாள். விரல் பட்டன் மேல் போய் நின்றது.

அமுக்கவில்லை. இதை நல்ல குணம் என்று யாரும் மெச்சிக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் அவள் தர்மம் நியாயம் எதையும் நினைக்கவில்லை. உள்ளே ஒரு பல் நன்றாக வெந்துகொண்டிருந்தது, நன்றாக வேகிற பல்லைத் தெரிந்தே கெடுத்து அவளுக்குப் பழக்கமில்லை, அதனால் விரல் இறங்கவில்லை. பழக்கம் என்று சொல்லலாம். மடத்தனம் என்று சொன்னாலும் சண்டைக்கு வர மாட்டேன். அவளுடைய பல் வெந்து மணி அடித்தது. எடுத்து ஆறவைத்து, முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினாள்.

அந்தப் பெண்ணின் பல் நன்றாக வந்திருந்தது. அச்சில் வைத்தால் நூலளவு இடைவெளி இல்லை. முதலாளி பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அவர் நேர்மையான மனிதர், அதுதான் இதில் பெரிய தொல்லை. கொஞ்சம் கோணல் மனிதராக இருந்திருந்தால் ஏதாவது குறை எழுதித் தள்ளியிருப்பார். வேலை தெரிந்த ஆளை வேலை தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க என்னால் முடியாது என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டார்.

பல்லம்மா மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டு டயர் கடை மாடிக்கு ஓடினாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு. உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். அந்தப் பெண் போட்டது தப்பான எண். விட்டிருந்தால் பல் உருகியிருக்கும். ஆக, அவளுக்கு இந்த வேலை தெரியாது என்றுதானே ஆகிறது. இவ்வளவு எளிதான விஷயத்துக்கா ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தோம் என்றுகூட இருந்தது.

வக்கீலம்மா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பல்லம்மா மூச்சு வாங்க ஆரம்பித்து, சோதனை அன்றைக்கு நான் லேப்புக்குப் போயிருந்தேன் என்றதுமே அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். ஃபர்னஸ் அறைக்குப் போனேன், அந்த அம்மா பல்லை ஏழாம் எண்ணில் வைத்திருந்தார்கள், நான் என்று பல்லம்மா தொடங்கியதும் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. மேல சொல்லாதீங்க."

"இல்லம்மா, நான் மட்டும் மாத்தலைன்னா..."

"சொல்லாதீங்கன்னு சொல்றேன்ல." கீழே சக்கரம் கழற்றுகிற சத்தம் வந்தது. இந்த முறை அவர் நிறுத்தவில்லை, குரலை உயர்த்திப் பேசினார். "அந்தச் சோதனை நடக்கற இடத்துல நீங்க இருந்ததே தப்பு. அதுக்கு மேல, வந்தவங்க மெஷின்ல கை வெச்சேன்னு சொல்றீங்க. காப்பாத்தத்தான் வெச்சேன்னு எவன் நம்புவான்? தன் வேலைக்குப் போட்டியா வந்தவளோட பல்லை எவளாவது காப்பாத்துவாளா? கெடுக்கப் போனான்னுதான் எழுதுவாங்க. உங்களுக்கு இனிமே எந்த விசாவும் கிடைக்காது. முதலாளியையும் உள்ளே இழுப்பாங்க."

பல்லம்மா, அப்படியென்றால் தனக்காக வேறு வழி ஏதாவது யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"நான் கம்பெனிக்கும் வக்கீல்மா. நீங்க என்கிட்ட ஒண்ணைச் சொன்னா அதை அவர்கிட்ட மறைக்க எனக்கு உரிமை இல்லை. இப்ப நீங்க பாதிதான் சொல்லியிருக்கீங்க. மீதியைச் சொல்லாம எழுந்து போயிட்டீங்கன்னா, அது ஒண்ணுதான் நான் உங்களுக்குச் செய்ய முடிஞ்ச உதவி."

வக்கீலம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. அதனால்தான் பல்லம்மாவுக்குத் திட்டக்கூட ஆளில்லாமல் போனது. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மை தன்னைக் குழிக்குள் தள்ளுகிற உண்மையாகவும் இருந்தால் ஒரு மனுஷி அதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வாள். எழுந்தாள். சாப்பாடு ஆறிவிடும், சாப்பிடுங்கள் என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மனு போகவில்லை. அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. பல்லம்மா போய்விட்டால் லேப்புக்கு ஆள் வேண்டுமே என்று முதலாளி அந்தப் பெண்ணையே வேலைக்கு எடுத்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் பல்லம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் மேசை விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். விசா முடிகிறவரை பக்கத்தில் உட்காரவைத்து முன்பல் வேலையைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். முடியாது என்று சொல்லலாம்தான். சொல்லிவிட்டு அடுத்த நாள் எங்கே போவது. தலையாட்டினாள்.

வந்தவளை வெறுக்க வேண்டும் என்று பல்லம்மா உண்மையாகவே முயற்சி செய்தாள். முடியவில்லை. அவளோ மேசையைத் துடைத்து வைக்கிறவள், தூரிகையைக் கழுவி முனையைச் சேர்த்து வைக்கிறவள், ஒன்றை இரண்டு தடவை கேட்க வெட்கப்படாதவள். இரண்டாம் வாரம் ஒருநாள் டீ குடிக்கும்போது தானாகவே பேச்செடுத்தாள். சோதனை நாளன்று பல் வெந்து வருமுன்பே கிளம்பிவிட்டாளாம். தன் காலத்துப் பழைய சூட்டைத்தான் போட்டோம் என்று வீட்டுக்குப் போன பிறகு நினைவு வந்து பதறிவிட்டாளாம். பல் நிச்சயம் உருகியிருக்கும், கூப்பிட மாட்டார்கள் என்று அழுதாளாம். பிறகு பல் நன்றாக வந்திருக்கிறது என்று முதலாளி சொன்னதும் நம்பவே முடியவில்லையாம். மனசு மறந்திருந்தாலும் கை மறக்கவில்லை, தானாகவே சரியாகப் போட்டிருக்கிறது, இத்தனை வருடம் வீட்டில் கிடந்தும் நான் ஒன்றும் வீணாகிவிடவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது என்றாள். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. பல்லம்மா டீயைப் பார்த்துக்கொண்டு, ஆமாம், கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்றாள். வேறு என்ன சொல்வது.

வீட்டில் அவள் இதுவரை முழுக்கதையைச் சொல்லவில்லை. உள்ளூர்க்காரி ஒருத்தி வந்துவிட்டாள், வேலை தெரிந்தவள், நம் நேரம் சரியில்லை என்பதோடு நிறுத்தியிருந்தாள். வீட்டுக்காரரும் துருவவில்லை. பாப்பா மட்டும், பள்ளியில் கேட்கிறார்கள், அடுத்த வருடம் நாம் இங்கேதானே என்று தினமும் கேட்டாள். தினமும் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது அந்த வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா என்ன.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாப்பா சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரர் பள்ளிச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பல்லம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். டாக்டரின் போன், பின்வாசல், ஃபர்னஸ் அறை, ஏழாம் எண், தன் கை, வக்கீலம்மா உயர்த்திய கை. அவர் நிமிராமல் தேய்த்துக்கொண்டே கேட்டார். எண்ணை மாற்றினேன் என்ற இடத்தில் இஸ்திரிப் பெட்டி ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது. எல்லாம் சொல்லி முடித்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வக்கீலம்மா கேட்காததை, முதலாளிக்குக் கேட்கத் தெரியாததை, மெஷின்களோடு வாழ்ந்த மனிதர் நேராக வந்து கேட்டார்.

"அதுல நிறுத்தறதுக்கு ஒரு பட்டன் இருக்குமே."

"இருக்கு."

"அது ஓடறப்ப நீ எங்க இருந்த?"

"பக்கத்துலதான். என் பல்லு வெந்து முடியற வரைக்கும் அங்கதான் நின்னேன். பட்டன் மேலதான் விரல் இருந்துச்சு."

அவர் சட்டையின் காலரை நீவினார். நீவிய காலரையே மறுபடி நீவினார்.

"நானா இருந்தா அமுக்கியிருப்பேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை பேசி, அழுது, சண்டை போட்டு மனசை ஆற்றியிருப்பாள். ஓடாத மோட்டாருக்குக் காரணம் சொல்கிற அதே குரலில் சொன்னார், அது உண்மை என்று அவளுக்கும் தெரிந்தது. அமுக்கியிருப்பார். ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார். அவளுக்காக ஏழு வருடம் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்ற மனிதருக்காக அவளால் ஒரு விரலை இறக்க முடியவில்லை. இதற்கு எந்த ஊர்ச் சட்டத்திலும் மன்னிப்புக் கேட்க வழி இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை, பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை. அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

அதைத் தேய்த்து மடித்துவிட்டு, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தம்மாவுக்கு இப்பவாவது சரியான நம்பர் தெரியுமா?"

பல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும். சொல்லிக் கொடுத்துட்டேன்" என்றாள்.